கறுவாவுக்கு ஒரு பயிற்சியாளர்: வெள்ளவத்தையில் வளர்ந்த பறவை நாய் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த நிகழ்வு 2023 பெப்ரவரியில் தொடங்கி 2024 ஓகஸ்டில் முடிகிறது. குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆட்களின் பெயர்களை விட்டுவிட்டேன். நாயின் பெயரையும் மாற்றி, அதன் நிறத்துக்குப் பொருத்தமாகக் கறுவா என்று வைத்துக்கொள்கிறேன். நான் கொழும்பின் தென்பக்கத்தில் ஒரு சிறிய மிருக வைத்திய நிலையம் நடத்துகிறேன். இதில் நடந்த முதல் பிழை என்னுடையது.

வெள்ளவத்தையில், கடற்கரை ரயில் பாதையிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி அவர்களின் வீடு. முன்னால் ஒரு வாகனம் நிற்கும், பின்னால் உடுப்புக் காயப்போடலாம், அவ்வளவுதான் வளவு. கணவன் கணக்காளர், மனைவி ஆசிரியை, 13 வயதில் ஒரு மகன். அவர்களோடு கணவனின் தகப்பனார், 72 வயது, வன்னியிலிருந்து வந்து தங்கியிருப்பவர். பெரியவர் இளமையில் ஊர் நாயைக் கூட்டிக்கொண்டு குளக்கட்டுகளில் காடை, கௌதாரி என்று திரிந்தவர். அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்த அவருடைய மகன், அந்தக் கணக்காளர், நாற்பது வயதில் ஆசைப்பட்டு வாங்கியது ஒரு ஜேர்மன் ஷோர்ட்ஹெயார்ட் பொயின்டர் பெண் குட்டி. பறவை வேட்டைக்குப் பழக்கும் ‘பறவை நாய்’ இனம். ஒன்பது கிழமைக் குட்டியாக வந்தது.

இந்த இனம் 19ஆம் நூற்றாண்டில் ஜேர்மனியில் உருவானது. பறவையை மோப்பம் பிடிக்க ஒரு நாய், சுட்டு விழுந்ததை எடுத்துவர இன்னொரு நாய் என்று வைத்திருக்க வசதியில்லாத வேட்டைக்காரருக்கு எல்லா வேலையையும் ஒன்றே செய்ய வேண்டும் என்று வளர்த்தெடுத்தார்கள். நாள் முழுக்க வயலில் ஓடும் உடம்பு. அதைத் தொடர்மாடிகளுக்கு நடுவே வளர்ப்பது கஷ்டம் என்று முதல் தடுப்பூசி அன்றே சொன்னேன். வேட்டைக்கும் இங்கே வழியில்லை. 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நம் நாட்டுப் பறவைகளில் பெரும்பாலானவை பாதுகாக்கப்பட்டவை. வீட்டுக்காரருக்கு அது தெரியும்.

“வேட்டைக்கில்ல டொக்டர். ஆனா வேட்டை நாய் மாதிரிப் பழக்கவேணும்” என்றார்.

அதன் அர்த்தம் என்னவென்று நான் கேட்கவில்லை. கூப்பிட்டால் வர வேண்டுமா, பறவையைக் கண்டு நின்று காட்ட வேண்டுமா, எறிந்ததை எடுத்துவர வேண்டுமா, வெடிச்சத்தத்துக்கு அசையாமல் நிற்க வேண்டுமா? ஒவ்வொன்றும் தனி வேலை. அதில் எது வேண்டும் என்று தெரியாமல் பயிற்சியாளரைத் தேடக் கூடாது. நாங்கள் தேடினோம்.

முதல் ஆறு மாதம்

சொல்ல அதிகமில்லை. நல்ல குட்டி. ஏப்ரலில் புத்தாண்டுக்கு ஒழுங்கையில் சீனவெடி போட்டபோது தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் எலும்பைக் கடித்தது. இந்தத் தகவல் பின்னால் தேவைப்படும். ரயில் சத்தத்தையும் பொருட்படுத்தவில்லை. நான்காம் மாதத்திலிருந்து பல் மாறியது. அந்தக் காலத்தில் கயிறு இழுக்கும் விளையாட்டு, பொருளைக் கவ்வவைக்கும் விளையாட்டு எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னேன். வாய் நோகும்போது கவ்வப் பழக்கினால், கவ்வுவதே நோவு என்று குட்டி முடிவுகட்டிவிடும்.

ஏழாம் மாதத்தில் காகத்தைக் கண்டு மரைன் டிரைவ் வீதிக்குக் குறுக்கே பாய்ந்தது. ஒரு முச்சக்கர வண்டி மயிரிழையில் தப்பியது. அன்று பின்னேரமே பயிற்சியாளர் ஒருவரின் பெயர் கேட்டு எனக்குத் தொலைபேசி எடுத்தார்கள்.

முதல் தெரிவு

நான் ஒரு பெயர் கொடுத்தேன். கொழும்புக்கு வெளியே நாய்களைத் தன்னிடமே வைத்துப் பழக்கும் ஒருவர். காவல் நாய்ப் பயிற்சியில் பல வருட அனுபவம் உள்ளவர். அவர் பழக்கிய அல்சேஷன் நாய்கள் சில என்னிடம் ஊசிக்கு வரும். மேசையில் அசையாமல் நிற்கும். ஒரு மிருக வைத்தியருக்கு அதைவிடப் பெரிய சிபாரிசு வேண்டுமா? அவருடைய இடத்துக்கு நான் ஒருநாளும் போனதில்லை.

குடும்பம் அவரிடம் கேட்டது மூன்று கேள்வி: எவ்வளவு காசு, எத்தனை நாள், நீங்களே வந்து ஏற்றிக்கொண்டு போவீர்களா. பறவை நாய் பழக்கியிருக்கிறீர்களா, நாய் பிழை விட்டால் என்ன செய்வீர்கள், இடையில் வந்து பார்க்கலாமா என்று யாரும் கேட்கவில்லை. ஆறு கிழமை என்று பேச்சு. ஓகஸ்ட் முதலாம் கிழமை கறுவா போனது. அப்போது எடை 20.4 கிலோ.

இடையில் இரண்டு காணொளி வந்தது. இரண்டிலும் நாய் சொன்னவுடன் இருந்தது, சொன்னவுடன் வந்தது. வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். நானும் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று பதில் போட்டேன். ஒலியை நிறுத்திவிட்டு இப்போது அந்தக் காணொளியைப் பார்த்தால் தெரிகிறது: வால் அடிவயிற்றோடு ஒட்டியிருக்கிறது.

செப்டெம்பர் நடுவில் கூட்டிவரப் போனபோது பெரியவரும் வானில் போனார். திரும்பும் வழியில் அவர் சொன்னாராம்: “எல்லா நாயும் வடிவா நிக்குது தம்பி. ஒண்டும் வாலாட்டேல்ல.” யாரும் அதைக் காதில் போடவில்லை.

திரும்பி வந்தபோது கண்டவை

மூன்றாம் நாள் என்னிடம் கொண்டுவந்தார்கள். ஒழுங்காக இருக்கிறது, ஆனால் உற்சாகமில்லை, சாப்பாட்டில் பாதி மிச்சம் என்றார்கள். எடை 18.1 கிலோ. வளரும் வயதில் கூட வேண்டிய எடை இரண்டு கிலோவுக்கு மேல் குறைந்திருந்தது. காய்ச்சல் 40.1 பாகை. முரசு வெளிறியிருந்தது. காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி. இரத்தப் பூச்சில் பபீசியா கிருமி தெரிந்தது. இங்கே நாய்களில் அடிக்கடி காணும் உண்ணிக் காய்ச்சல்தான்.

கழுத்தின் கீழ்ப்பக்கம், மயிரை விலக்கிப் பார்த்தால், இரண்டு விரல் இடைவெளியில் காசளவு இரண்டு புண். மின் அதிர்ச்சிக் கொலர் போட்ட இடம். வீட்டுக்காரர் “சுட்டிருக்கிறானே” என்று கொதித்தார். அது சூட்டுக் காயமில்லை. கொலரின் இரண்டு உலோக முனையும் பல மணி நேரம் ஒரே இடத்தில் அழுத்தினால் தோல் செத்துப் புண்ணாகும். அப்படியானால் கொலரைக் கழற்றாமலே வைத்திருந்திருக்கிறார்கள்.

அப்புறம், நான் எழுந்துபோய் ஸ்டீல் தட்டொன்றை மேசையில் கொஞ்சம் சத்தமாக வைத்தேன். வேண்டுமென்று வைத்ததில்லை. கறுவா மேசையிலேயே சிறுநீர் கழித்தது.

அன்றிரவு அந்தப் பயிற்சியாளருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் எதையும் மறைக்கவில்லை. வேட்டை நாய் என்று சொன்னதால் வெடிச்சத்தம் பழக்கினாராம். கட்டிப்போட்டு, பக்கத்தில் சீனவெடி கொளுத்தி, அடங்கும்வரை. வயல் பக்கம் கொக்கைத் துரத்திய ஒவ்வொரு தடவையும் கொலர் பொத்தானை அழுத்தினாராம். “ஜேர்மன் நாய், ஜேர்மன் முறையில்தான் பழக்க வேண்டும்” என்றார். ஜேர்மனியில் அந்தக் கொலரைப் பாவிப்பது விலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு முரண் என்று அங்குள்ள கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் 2006இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. வேல்ஸில் 2010இல் தடை வந்தது. இதையெல்லாம் நானே அன்றிரவுதான் தேடிப் படித்தேன். ஆகவே அவரோடு வாதாடவில்லை.

பறவை நாய்களைப் பழக்குவோர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும் ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் பறவை மேல் வெறி வர வேண்டும். அந்த வெறி முற்றிய பிறகுதான், நாய் பறவைக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும்போது, மிகத் தூரத்தில் ஒரு சத்தம். நாய் திரும்பிக்கூடப் பார்க்காவிட்டால், இன்னொரு நாள் கொஞ்சம் கிட்ட. நாளடைவில் சத்தம் என்றால் பறவை என்று அதற்குப் பதியும். கறுவாவுக்கு எல்லாம் தலைகீழ். கட்டிப்போட்ட இடத்தில் சத்தம். பறவையைப் பார்த்தால் கழுத்தில் அடி. வெடிக்குப் பயந்த நாய் ஒரு பிரச்சினை. பறவையைக் கண்டும் காணாததுபோல் முகத்தைத் திருப்பும் நாய் இன்னொரு பிரச்சினை. இரண்டாவதை மாற்றுவது இன்னும் கஷ்டம். கறுவாவுக்கு இரண்டும் இருந்தன.

‘என்ன’ என்ற சொல்

வீட்டில் எல்லாரையும் குழப்பிய ஒரு விஷயம் இருந்தது. கறுவா திடீர் திடீரென்று வயிற்றைத் தரையில் தேய்த்தபடி ஊர்ந்து வந்து யாருடையவாவது காலடியில் படுக்கும். யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். பெரும்பாலும் குசினியில், சாப்பாட்டு நேரத்தில். ஏதோ களவு செய்துவிட்டுக் குற்றவுணர்வில் வருகிறது என்று பையன் சொல்வான்.

சிகிச்சைக்கு வந்த ஐந்தாம் நாள் என் முன்னாலேயே அது நடந்தது. அம்மா எதையோ முணுமுணுத்தார். பையன் கேட்டான்: “என்ன?” கறுவா மூலையிலிருந்து ஊர்ந்து வந்தது.

எனக்கு உதவியாக நிற்கும் சிங்களப் பெண்தான் சிரித்துக்கொண்டே, “கூப்பிட்டால் வரத்தானே செய்யும்” என்றாள். சிங்களத்தில் ‘என்ன’ என்றால் ‘வாங்கோ’. அந்தப் பயிற்சியாளர் நாயை அழைக்கப் பாவித்த சொல் அதுதான். வராவிட்டால் பொத்தான். ஒரு தமிழ் வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை ‘என்ன’ என்போம்? அத்தனை தடவையும் அந்த நாய் அடிக்குத் தயாராகிக்கொண்டு எங்களிடம் வந்திருக்கிறது. அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் சிங்களம் தெரியும். ஒருவருக்கும் ஓடவில்லை.

முதலில் எடுத்த முடிவு: ஒன்றும் செய்யாமல் இருப்பது

வீட்டுக்காரர் உடனே அடுத்த பயிற்சியாளரைத் தேடவேண்டும் என்று நின்றார். நான் மறித்தேன். உண்ணிக் காய்ச்சலுக்கு மருந்து பத்து நாள். இரத்தச்சோகை தீர இன்னும் சில கிழமை. நோயில் சோர்ந்திருக்கும் நாயின் குணத்தை எடைபோடவே முடியாது. அந்த மந்தத்தில் எவ்வளவு காய்ச்சல், எவ்வளவு பயம் என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அத்தோடு ஒக்டோபர், நவம்பர் கொழும்பில் பின்னேர இடியின் காலம். சத்தத்துக்குப் பயந்த நாய்க்குப் பாடம் தொடங்க அதைவிட மோசமான மாதங்கள் இல்லை.

ஆகவே இரண்டரை மாதம் கட்டளையே இல்லை. கழுத்தில் எதுவும் இல்லை. நடக்கப் போக மார்புப் பட்டி. காலையில் கடற்கரையோரம் மோப்பம் பிடித்தபடி அதன் இஷ்டத்துக்கு நடை. வீட்டில் ‘என்ன’ என்பதைத் தவிர்க்கச் சொன்னேன். நடக்குமா? இரண்டு நாளில் கைவிட்டார்கள். அதற்குப் பதிலாக, யாராவது வாய்தவறி அப்படிச் சொல்லி நாய் ஊர்ந்து வந்தால், ஒரு துண்டு கருவாட்டைத் தரையில் போட்டுவிட்டு வேறு வேலையைப் பார்க்க வேண்டும் என்று மாற்றிக்கொண்டோம்.

நவம்பர் 12 தீபாவளி. அன்று மாலை ஆறு மணிக்கே நடுக்கம் தொடங்கியது. பயத்துக்கான மருந்து முன்கூட்டியே கொடுத்திருந்தேன், அளவு போதவில்லை. இரவு எட்டு மணிக்கு வீட்டில் பெரியவரையும் நாயையும் காணவில்லை. தேடிப் பார்த்தால், வீட்டின் நடுவிலுள்ள யன்னலில்லாத குளியலறையில், கதவைச் சாத்திக்கொண்டு பிளாஸ்டிக் முக்காலியில் பெரியவர் உட்கார்ந்திருந்தார். குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தில். நாய் அவருடைய இரண்டு காலுக்கும் நடுவே.

“எனக்கும் இந்தச் சத்தம் சரிவராது” என்றாராம்.

அவர் வன்னியில் எந்த வருடம்வரை இருந்தார் என்று நான் கேட்கவில்லை. ஆனால் அடுத்த நாள் வீட்டுக்காரர் என்னிடம் வந்து, வெடிச்சத்தத்துக்கு நின்று பிடிக்கும் நாய் எங்களுக்கு வேண்டாம், வெடிச்சத்தத்திலிருந்து மீண்டுவரும் நாய் போதும் என்றார். பெப்ரவரியில் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விக்கு நவம்பரில் பதில் கிடைத்தது. கூப்பிட்டால் வர வேண்டும். எறிந்ததை எடுத்துவர வேண்டும். அதன் இனத்துக்குரிய அந்த நிற்பு, பறவையைக் கண்டு உறைந்து நிற்பது, திரும்பி வந்தால் சந்தோஷம். துவக்குப் பேச்சு அத்தோடு முடிந்தது.

மூன்று பேரைப் பார்த்தோம்

இந்தத் தடவை நானும் போனேன். ஒருவரிடம் பயிற்சி வகுப்பு ஒன்றைப் பார்க்க அனுமதி கேட்டோம். நாயின் கவனம் சிதறும் என்று மறுத்தார். 21 நாளில் முடித்துத் தருவதாக உத்தரவாதமும் தந்தார். அங்கே பத்து நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை.

இரண்டாவது, ராஜகிரிய பக்கம் வார இறுதிகளில் வகுப்பு எடுக்கும் இளம் பெண். இடுப்பில் தீன் பை, கையில் கிளிக்கர், அழுத்தினால் ‘டிக்’ என்று சத்தமிடும் சின்னக் கருவி. நாய் சரியாகச் செய்த அந்த நொடியிலேயே அவருடைய கை அசைந்தது. இந்த நேரக்கணக்கு எனக்கே இல்லை. பிழை விட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். “நான் கேட்டது அதுக்குக் கஷ்டமா இருந்திருக்கு. லேசாக்கிக் கேப்பன்” என்றார். பறவை நாய் பழக்கியிருக்கிறீர்களா என்று கேட்டதற்கு யோசிக்காமல் இல்லை என்றார். அந்த ‘இல்லை’ எனக்குப் பிடித்தது.

மூன்றாமவர் பிலியந்தலைக்கு அப்பால் வயலோரம் இருக்கும் ஓய்வுபெற்ற தோட்ட அதிகாரி. மலையகத்தில் இருந்த காலத்தில் ஸ்பானியல், லப்ரடோர், இரண்டு பொயின்டர் வைத்திருந்தவர். இப்போது கட்டணத்துக்கு ஒரே நேரத்தில் இரண்டு நாய்க்கு மேல் எடுப்பதில்லை. நாயைத் தன்னிடம் விட்டுவிட்டுப் போகவும் விடமாட்டார். முதல் நாள் கறுவாவைத் தொடவே இல்லை. வரப்பில் கதிரை போட்டு உட்கார்ந்து, நாயைப் பார்க்காமல் எங்களோடு அரை மணி நேரம் கதைத்தார். பிறகு தன்னுடைய ஒன்பது வயது லப்ரடோரைக் கூப்பிட்டு, கன்வஸ் உருளை ஒன்றை வயலுக்குள் எறிந்து, எடுத்துவர வைத்தார். ஒரு விசில், ஒரு கையசைவு, அவ்வளவுதான்.

“விசிலைச் சட்டைப் பையால எடுக்கேக்கையே வாலாட்டுது, பாத்தீங்களே டொக்டர்?” என்றார் பெரியவர்.

பார்த்தேன். செப்டெம்பரில் வானில் அவர் சொன்னதை அப்போதுதான் வீட்டுக்காரர் எனக்குச் சொன்னார்.

எத்தனை மாதம் என்று கேட்டோம். ஆறு, ஏழு மாதம். பறவை மேல் ஆசை திரும்புமா என்று தன்னால் சொல்ல முடியாது. சத்தப் பயம் முழுதாகப் போகாது என்றார். இவ்வளவு சொன்ன பிறகுதான் கட்டணத்தைச் சொன்னார். முடிவு இதுதான்: வயல் வேலைக்கு அவர், ரயில் பாதை, சந்தடி, மின்தூக்கி, அந்நியர் என்று நகரத்து வேலைக்கு ராஜகிரிய ஆசிரியை. இரண்டு பேரும் ஒருதடவை சந்தித்து, சொற்களை ஒன்றாக்கிக்கொள்ள வேண்டும் என்பது என் நிபந்தனை. உண்மையில் சொல்லே வேண்டாம், விசில் போதும் என்று அவர்களாகவே முடிவெடுத்தார்கள்.

விசிலில் இன்னொரு நன்மை உண்டு. பறவை நாய்க்காரர் பாவிக்கும் ஆக்மி நிறுவன விசில்களுக்கு எண் உண்டு: ஸ்பானியலுக்கு 210.5, ரிட்ரீவருக்கு 211.5. தொலைந்தால் அதே எண்ணில் அதே சுருதியில் இன்னொன்று வாங்கலாம். வாயில் கோபம் வந்தால் சொல்லில் தெரியும். விசிலில் அவ்வளவாகத் தெரியாது.

பயிற்சி

2023 டிசெம்பரிலிருந்து சனி, ஞாயிறு காலை ஆறு மணி. ஏழு மணிக்கு மேல் ஓடவிடுவதில்லை; இந்த வெக்கையில் இந்த நாய் விழும்வரை ஓடும். வயலுக்குப் போகுமுன் எலிக்காய்ச்சல் தடுப்பூசியைப் புதுப்பித்தேன். பையனுக்கு நீண்ட இறப்பர்ச் சப்பாத்து. பெல்லன்வில-அத்திடிய சதுப்புநிலம் வழியில்தான் இருக்கிறது. அது 1990இலிருந்து சரணாலயம், அங்கே நாயை அவிழ்க்கக் கூடாது என்று முதல் நாளே தோட்ட அதிகாரி சொல்லிவிட்டார்.

கயிறு யார் கையில் என்பதில் ஒரு சின்ன நாடகம். வீட்டுக்காரர்தான் பிடித்தார். இரண்டாம் கிழமை அதிகாரி, தொலைபேசியை வானிலே வைத்துவிட்டு வரச் சொன்னார். மூன்றாம் கிழமை கயிறு பையனிடம் போனது. அவனுக்குப் பொறுமை இருந்தது. முக்கியமாக, அவன் நாயிடம் எதையும் நிரூபிக்க நினைக்கவில்லை.

விசில் முதல் மூன்று கிழமையும் வீட்டில்தான்: சாப்பாட்டுத் தட்டு வைக்குமுன் நாலு குறுஞ்சத்தம். வேறு எதற்கும் இல்லை. நாலாம் கிழமை வயலில் பத்து மீற்றர்க் கயிற்றோடு அதே சத்தம் கேட்டபோது, நாய் மண்ணைக் கிளப்பிக்கொண்டு வந்தது. வயிறு தரையில் படவில்லை.

சத்தத்துக்கு ஒரு அலுமினியச் சட்டி மூடி. கறுவா சாப்பிடும்போது பையன் எண்பது அடி தள்ளி நின்று மூடியைக் கல்லில் போடுவான். ஒரு நாளைக்கு ஒரு தடவை மட்டும். தலையைத் தூக்கிவிட்டு மறுபடி சாப்பிட்டால் அடுத்த கிழமை ஐந்தடி கிட்ட. சாப்பாட்டை நிறுத்தினால் இருபதடி பின்னால். மழை இருட்டினால் அன்று பாடமே இல்லை. தைப்பொங்கல் அன்று பக்கத்து வீட்டில் வெடித்த ஒரு பெட்டியால் ஐந்து கிழமை வேலை போனது. மறுபடியும் எண்பதடியிலிருந்து தொடங்கினான். ஒரு அப்பியாசக் கொப்பியில் திகதி, அடி, சாப்பிட்டதா இல்லையா என்று எழுதிவைத்திருக்கிறான். இந்த ஆய்வில் நம்பத்தகுந்த தரவு என்றால் அந்தக் கொப்பிதான்.

இறகு பெரியவரின் வேலை. அயலில் புறா வளர்ப்பவரிடம் உதிர்ந்த சிறகுகளை வாங்கி, பட்ட நூலில் கட்டி, மூங்கில் தடியில் தொங்கவிட்டார். முதல் நாள் கறுவா உதட்டை நக்கிக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியது. அதிகாரியிடம் சொன்னபோது, காட்டவே வேண்டாம், சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் சும்மா தொங்கட்டும் என்றார். குசினிப் பின்கதவில் தொங்கியது. ஐந்தாம் கிழமை மூக்கை நீட்டி மோந்தது. எட்டாம் கிழமை ஒரு காலை, பெரியவர் தடியைக் கையில் பிடித்திருக்க, காற்றில் சிறகு சுழன்றபோது, கறுவா உறைந்தது. இடது முன்காலை மடித்துத் தூக்கி, வால் விறைத்து, மூக்குத்துளை மட்டும் திறந்து மூட. பெரியவர் தடியை அசைக்காமல் அப்படியே நின்றாராம், கை வலிக்கும்வரை.

அதற்குப் பிறகு அதிகாரி தொங்கும் சிறகை நிறுத்தச் சொன்னார். கண்ணால் பார்த்து நிற்பது விளையாட்டு. மூக்கால் நிற்பதுதான் அதன் தொழில். சிறகை உருளையில் கட்டிப் புல்லுக்குள் ஒளித்துவைக்கத் தொடங்கினார்கள்.

விளைவு

2024 மார்ச் கடைசியில் வரப்போரம் ஒரு கானாங்கோழியை மோந்து கறுவா நின்றது. ஏறக்குறைய இருபது நொடி. பறவை கிளம்பியது, இரண்டடி பாய்ந்தது, விசில் கேட்டுத் திரும்பி வந்தது. பறவைக்கும் நாய்க்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஏப்ரல் புத்தாண்டு வெடிக்கு நடுங்கியது. சிறுநீர் போகவில்லை, வெடி நின்று பத்து நிமிடத்தில் சாப்பிட்டது. இடிக்கு இன்னும் குளியலறைதான். அது மாறும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஓகஸ்டில் திறந்த வயலில் இருபது தடவை விசிலடித்துப் பார்த்தோம்; பதினெட்டுத் தடவை நேரே வந்தது. மிச்சம் இரண்டும் எருமைச் சாணத்தின் குற்றம். எறிந்த உருளையைக் கையில் கொண்டுவந்து தருகிறது, ஆனால் தண்ணீரில் இறங்காது. எடை 24 கிலோ. கழுத்தில் இரண்டு இடத்தில் மயிர் வெள்ளையாக முளைத்திருக்கிறது.

காசுக் கணக்கில், இரண்டாம் சுற்றில் இருவருக்கும் சேர்த்துக் கொடுத்தது முதல் ஆறு கிழமைக் கட்டணத்தைவிட ஓரளவுதான் அதிகம். வான் டீசலும் ஏழு மாத வார இறுதிகளும் அதில் சேரவில்லை.

மாற்றிச் செய்வது

நான் போய்ப் பார்க்காத பயிற்சியாளரின் பெயரை இப்போது யாருக்கும் கொடுப்பதில்லை. போனால் அவர் பழக்கி முடித்த நாயைக் கேட்டுப் பார்க்கிறேன். காவல் நாயைக் காட்டினால், பறவை நாய் இருக்கிறதா என்று கேட்கிறேன். என் மேசையில் அசையாமல் நிற்கும் நாயைக் கண்டால் முதலில் வாலைப் பார்க்கிறேன். பயத்தில் உறைந்த நாயும் அசையாது.

ஒரு வயதுக்குட்பட்ட நாயை வெளியே தங்கவிட வேண்டி வந்தால், கிழமைக்கு ஒருதடவை சொல்லாமல் போய்ப் பார்க்கலாம் என்று எழுத்தில் வாங்கச் சொல்வேன். உண்ணி மருந்தை முதல் நாளே கொடுத்தனுப்புவேன். ஓகஸ்டில் அதையும் மறந்திருந்தேன். தீபாவளிக்கு மருந்தின் அளவை ஒரு அமைதியான நாளில் முன்பே கொடுத்துச் சோதித்திருக்க வேண்டும். முதல் பயிற்சியாளரிடம் இரண்டு மாதம் கழித்து நேரில் போய்க் கதைத்தேன். கழுத்துப் புண்ணின் படத்தைக் காட்டினேன். இரவில் கொலரைக் கழற்றுவதாகச் சொன்னார். அவருக்கு நான் இப்போது நாய் அனுப்புவதில்லை.

போன தடவை ஊசிக்கு வந்தபோது பையன் எதையோ கேட்க, அம்மா திரும்பி “என்ன?” என்றார். கறுவா மேசைக்கடியில் படுத்திருந்தது. ஒரு காது மட்டும் நிமிர்ந்தது. பிறகு மெதுவாக எழுந்து, சோம்பல் முறித்து, அவருடைய கைப்பைப் பக்கம் போய் நின்றது. கருவாட்டுக்கு.